2050ல முடியுற வீட்டு லோன 2031க்குள்ள முடிக்க பாக்கறோம்... சீட்டுப் பணம் 1.20 லட்சத்த எதுல போடறது?

கெடிலக்கரையான்
16 ஜனவரி 2026, இரவு 11:42

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போய்டுவன், இன்னிக்கு தான் முதல் தடவ எழுதறன், கொஞ்சம் நீளமா போவும் பொறுத்துக்கோங்க.

எனக்கு 35, வீட்ல அவங்களுக்கு 31, பாப்பாவுக்கு டிசம்பர்ல அஞ்சு முடிஞ்சிது. நான் கடலூர் சிப்காட்ல ஷிப்ட் வேலை, கைக்கு 42 ஆயிரம் வரும். அவங்க ஒரு லேப்ல டெக்னீஷியன், 18 ஆயிரம். வீடு செம்மண்டலம் தாண்டி, ஆயிரம் சதுர அடி மனைல ரெண்டு ரூம் ஒரு ஹால், மாடி இன்னும் போடல, கம்பி நீட்டிட்டு நிக்கிது.

2022 ஜனவரில 25 லட்சம் லோன் எடுத்தோம். 20 வருஷம், வட்டி 6.9, இஎம்ஐ 19,233. அதாவது அப்ப ரெப்போ (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்கு குடுக்கற கடனோட வட்டி) 4, அதுக்கு மேல நம்ம பேங்க் சேத்தது 2.9. "இவ்ளோ கம்மி வட்டி இனிமே வராது சார்"னு லோன் வாங்கிக் குடுத்த ஏஜெண்ட் சொன்னாரு, பாவம் அவரு சொன்னது பலிச்சிடுச்சி, அந்த மே மாசத்துலருந்தே ரெப்போ ஏற ஆரம்பிச்சி 2023 பிப்ரவரில 6.5ல வந்து நின்னுச்சி, நம்ம வட்டி 9.4. அப்ப மாச வட்டி மட்டும் 19,246 ஆவுது, நாம கட்டறது 19,233. அசலுக்கு ஒரு ரூபா போவல, அதுக்கு மேல 13 ரூபா நாம பாக்கி! பேங்க்காரங்களே இஎம்ஐய 20,920 ஆக்கி, கடைசி தவணைய 2050 பிப்ரவரிக்கு தள்ளிட்டாங்க. எஸ்எம்எஸ் வந்துருக்கு, நான் ஏதோ ஆஃபர்னு நெனச்சி தள்ளிட்டன். ஆறு மாசம் கழிச்சி நைட் ஷிப்ட்ல தூக்கம் வராம ஆப்ப தொறந்து பாத்தா 2050. எனக்கு அப்ப 60 வயசு. வீட்ல அவங்க கிட்ட காட்டினன், "அப்ப நமக்கு பேரனே இருப்பான்"னு சிரிக்கிறாங்க. எனக்கு சிரிப்பு வரல.

அந்த வருஷ கடைசில உக்காந்து கூட்டிப் பாத்தன். ரெண்டு வருஷத்துல கட்டினது 4 லட்சத்து 80 ஆயிரம். அசல்ல கொறஞ்சது 62 ஆயிரம்.

அதுக்கப்பறம் தான் ரோஷம் வந்துச்சி. 2024 ஜனவரிலருந்து மாசம் 7,000 சேத்து 27,920ஆ கட்டறோம். பைக் மாத்தறதுன்னு இருந்தன், மாத்தல. வெள்ளிக்கிழம பரோட்டா கட். ரெண்டு ஓடிடி கட். தீபாவளித் துணி பாண்டி சண்டே மார்க்கெட்ல. ஓடி பாத்தா அந்தக் காசு அப்படியே லோனுக்கு (ஓடின்னா ஓவர்டைம், நம்ம ஓல்டு டவுன் இல்ல). 2024 ஜூன்ல என் சீட்டு முடிஞ்சி ஒண்ணரை லட்சம் போட்டன். அந்த தீபாவளி போனஸ் 60, போன தீபாவளி 75. இப்ப நிலுவை 19 லட்சத்து 10 ஆயிரம். ஒண்ணும் பண்ணாம விட்டிருந்தா இருபத்து மூணரைல நின்னுட்டு இருக்கும்.

டிசம்பர்ல ரெப்போ 5.25 ஆச்சில்ல, நமக்கு இந்த மாசம் ரீசெட், வட்டி 8.15. இதே மாதிரி போனா 2033 செப்டம்பர்ல முடியும். வருஷா வருஷம் 75 ஆயிரம் போட்டா 2031 கடைசி, பாப்பா ஆறாவது படிக்கும்.

இப்ப மேட்டருக்கு வரன். அவங்க போட்ட சீட்டு 1,20,000 வந்துருக்கு. மொத்தத்தயும் லோன்ல போட்டா கடைசிலருந்து எட்டு தவணை பறக்குது, ஏறக்கொறய 2 லட்சத்து 23 ஆயிரம். இத நான் பேப்பர்ல போட்டு காட்டியும் அவங்க ஒத்துக்கல. பாதிய பாப்பா பேர்ல சுகன்யாவுல (பொண்ணு கொழந்தைங்களுக்கான கவர்மென்ட் சேமிப்பு) போடணும், கைல வேற கொஞ்சம் வைக்கணும்ங்கறாங்க. யாரு சொல்றது சரி? நியாயமா சொல்லுங்க.

வில்லியனூர்காரன்
17 ஜனவரி, காலை 7:15

ரெண்டு பேர் சொல்றதும் தப்பு 😄 8.15க்கு கெடைக்கிற கடன் மாதிரி மலிவான கடன் உனக்கு வாழ்க்கைல கெடைக்காது ப்ரோ. பர்சனல் லோன் என்ன வட்டின்னு கேட்டுப் பாரு. இஎம்ஐ மட்டும் கட்டிட்டு மாசம் 7,000 இன்டெக்ஸ் ஃபண்டுல (பங்குச் சந்தையோட சேந்து ஏறி எறங்கற ஃபண்டு) எஸ்ஐபி, அதாவது மாசா மாசம் போடு, பத்து வருஷம் கழிச்சி அத எடுத்து லோன ஒரே அடில மூடு, மிச்சம் உனக்கு. நான் அதத்தான் பண்றன்.

முந்திரிக்காடு
17 ஜனவரி, காலை 7:50

2020 மார்ச்ல கொரோனால சந்தை சரிஞ்சப்ப எங்க இருந்தீங்க தலைவா?

வில்லியனூர்காரன்
17 ஜனவரி, காலை 7:58

ரெட்டியார்பாளையத்துல வாடகை வீட்ல இருந்தன். அப்ப விக்காதவன் எல்லாம் இன்னிக்கு நல்லா தான் இருக்கான்.

முந்திரிக்காடு
17 ஜனவரி, காலை 8:20

விக்காதவன்னு சுலபமா சொல்லிட்டீங்க. அந்த நேரம் கம்பெனி மூடி சம்பளம் பாதியான எங்க மச்சான் மாதிரி ஆளு வித்து தான் இஎம்ஐ கட்டுனான், வேற வழி? சந்தைல வர்றது வரலாம் வராம போலாம், வந்தாலும் வருஷத்துல ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல எடுக்கற லாபத்துக்கு பன்னண்டரை பர்சன்ட் வரி. லோன்ல போட்டா 8.15 மிச்சம் ஆவறது உறுதி, அதுக்கு வரியும் இல்ல. எங்க ஊர்ல முந்திரி வெளஞ்சா தான் காசு. தானே புயலுக்கு அப்பறம் மரமே இல்லாம எத்தன வருஷம் உக்காந்து இருந்தோம்னு பண்ருட்டி பக்கம் யார வேணா கேளுங்க. எனக்கு உறுதியா வர்றது தான் கணக்கு. நான் ஓபி (இழைய ஆரம்பிச்சவரு) பக்கம்.

பழைய_கேஷியர்
17 ஜனவரி, காலை 10:05

தம்பி, நான் 34 வருஷம் பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவன், இப்ப முத்தியால்பேட்டைல பேத்திய ஸ்கூல்ல விடறது தான் வேலை. நீ எழுதினத முழுசா படிச்சேன். 13 ரூபா கதை நெஜம், அந்த வருஷம் கவுண்டர்ல எத்தன பேர் பாஸ்புக்க தூக்கிட்டு வந்து "நான் கட்டின பணம் எங்க போச்சு"ன்னு கேட்டாங்கன்னு எனக்குத் தான் தெரியும். ஆர்பிஐ அதுக்கப்பறம் தான் 2023 ஆகஸ்ட்ல ஒரு சர்க்குலர் போட்டுச்சி. வட்டி ஏறும்போது இஎம்ஐய ஏத்தறதா, வருஷத்த நீட்டறதா, ரெண்டும் கலந்தா, ஏறி எறங்காத ஃபிக்ஸட் வட்டிக்கு மாறறதா, இல்ல கொஞ்சம் பணம் முன்கூட்டிக் கட்டறதா, இத கடன் வாங்குனவர கேக்கணும், அவங்களா முடிவு பண்ணக் கூடாதுன்னு. உனக்கு நீட்டினது அதுக்கு முன்னாடி. பரவால்ல, போனது போச்சு.

ஒண்ணு, ஏறி எறங்கற ஃப்ளோட்டிங் வட்டில தனி ஆளு வாங்குன வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டறதுக்கு ஃபைன் கெடயாது. எவனாவது கேட்டா எழுத்துல குடுக்க சொல்லு, குடுக்க மாட்டான்.

அப்பறம் முக்கியமானது. கவுண்டர்ல பணத்த மட்டும் குடுத்துட்டு வராத. இது அசலுக்கு, இஎம்ஐ அப்படியே இருக்கணும், தவணை எண்ணிக்கைய கொறைங்கன்னு எழுதிக் குடுத்து, அந்த நகல்ல சீல் வாங்கு. சொல்லலன்னா சில எடத்துல இஎம்ஐய கொறச்சி வருஷத்த அப்படியே வுட்டுடுவாங்க, இன்னும் சில எடத்துல அடுத்த மாச தவணைக்கு அட்வான்ஸா ஓரமா வச்சிடுவாங்க. இஎம்ஐ கொறஞ்சா கைல காசு நிக்கும், நிக்கிற காசு செலவாவும், இது மனுஷ சுபாவம்.

டாக்ஸ் பெனிஃபிட் போயிடுமேன்னு யாராவது பயமுறுத்துனா கண்டுக்காத. புது முறைல 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே இல்லாத மாதிரி பண்ணிட்டாங்க, குடியிருக்கற வீட்டு வட்டிக்கு அதுல கழிவும் கெடயாது. உன் சம்பளத்துக்கு அந்தப் பேச்சே வேணாம்.

இன்னொண்ணு கேக்கணும். உன் ஸ்ப்ரெட், அதாவது ரெப்போவுக்கு மேல பேங்க் சேக்கறது, இன்னும் 2.9 தானா? புதுசா வர்றவங்களுக்கு என்ன குடுக்கறாங்கன்னு அதே ப்ராஞ்ச்ல விசாரிச்சியா? ஒரு சின்ன ஃபீஸ் வாங்கிட்டு கொறச்சி குடுக்கற வழக்கம் நெறய எடத்துல உண்டு. கேக்கறவங்களுக்குத் தான் குடுப்பாங்க. நீ மாசம் 7,000 மிச்சம் புடிக்க பரோட்டாவ வுட்ட, அரை பர்சன்ட் கொறஞ்சா உனக்கு மாசம் 800 ரூபா அங்கயே நிக்கிது.

நைட்ஷிப்ட்_நாகு
17 ஜனவரி, மதியம் 1:30

சார் 800 ரூபாக்கு எத்தன பரோட்டா சார் 😭

அண்ணா வேற பேங்குக்கு மாத்திடலாமே? என் ஃப்ரெண்டு மாத்துனான்.

பழைய_கேஷியர்
17 ஜனவரி, மதியம் 2:10

மாத்தலாம். ஆனா ப்ராசசிங் ஃபீஸ், லீகல் ஒபினியன், மதிப்பீடு, சார்பதிவாளர் ஆபீஸ்ல பழைய அடமானப் பதிவ (எம்ஓடி) ரத்து பண்ணி புதுசா பதியற செலவு எல்லாம் வரும். அந்த மொத்தத்த ஒரு பேப்பர்ல போட்டு, மிச்சமாவற வட்டியோட ஒப்பிட்டுப் பாத்துட்டு மாறு. முதல்ல இருக்கற எடத்துல கேளு, "மாறப் போறேன்"னு சொல்லிட்டு கேளு.

நர்ஸக்கா
17 ஜனவரி, மாலை 6:44

எல்லாரும் வட்டியே பேசறீங்க. தம்பி நான் ஆஸ்பத்திரில ஐசியுல வேலை பாக்கறவ, நேரா கேக்கறேன் தப்பா எடுத்துக்காத. உன் பேர்ல டெர்ம் பாலிசி, உனக்கு ஒண்ணுன்னா குடும்பத்துக்கு பணம் வர்ற இன்ஷூரன்ஸ், இருக்கா? எவ்ளோவுக்கு? சிப்காட் வேலைங்கற, பைக்ல போற, நைட் ஷிப்ட். ரெண்டாவது, எல்லாத்தயும் லோன்ல கொட்டிட்டு கைல எவ்ளோ வச்சிருக்க? மூணு மாச செலவாவது தனியா இருக்கா? லோன்ல போட்ட காசு திரும்பி வராதுப்பா. நாளைக்கே அவசரம்னு போய் நின்னா அதே பேங்க் உனக்கு பர்சனல் லோன் ஃபாரத்த நீட்டும்.

கெடிலக்கரையான்
17 ஜனவரி, இரவு 9:20

அக்கா டெர்ம் 50 லட்சத்துக்கு இருக்கு, பாப்பா பொறந்தப்பவே எடுத்துட்டன். கைல... கொஞ்சம் இருக்குக்கா, சமாளிச்சிக்கலாம். கம்பெனில மெடிக்கல் இருக்கு. இது வரைக்கும் பெருசா ஒண்ணும் பிரச்சனை வரல.

கேஷியர் சார் ரொம்ப நன்றி, ஸ்ப்ரெட் மேட்டர் எனக்கு தெரியவே தெரியாது. திங்கக்கெழம போறன்.

நர்ஸக்கா
17 ஜனவரி, இரவு 9:31

"கொஞ்சம்"னா நம்பர் சொல்லு.

வில்லியனூர்காரன்
17 ஜனவரி, இரவு 10:02

அக்கா விட மாட்டாங்க போல 😂 ஆனா இதத்தான் நானும் சொல்றன், எஸ்ஐபின்னா ரெண்டு மூணு நாள்ல காசு கைக்கு வந்துடும். இல்லனா எஸ்பிஐயோட மேக்ஸ்கெய்ன் மாதிரி ஓவர்டிராஃப்ட் லோன் பாக்கலாம், மிச்சக் காசு அந்த அக்கவுண்ட்லயே கெடக்கும், கெடக்கற வரைக்கும் அதுக்கு வட்டி கொறயும், வேணும்னா எடுத்துக்கலாம். வட்டி சாதா லோன விட கொஞ்சம் கூட இருக்கும் அவ்ளோ தான்.

பாப்பா_அம்மா
18 ஜனவரி, காலை 6:10

வணக்கம். நான் தான் அந்த "வீட்ல அவங்க". நேத்து இவரு தூங்குனப்பறம் போன்ல பாத்தேன், இன்னிக்கு காலைல ஐடி போட்டு எழுதறேன், பாப்பா எழுந்திரிக்கறதுக்குள்ள முடிக்கணும்.

அந்த நர்ஸ் அக்காவுக்கு நான் பதில் சொல்றேன். கைல இருக்கறது 22 ஆயிரம். "பெருசா ஒண்ணும் பிரச்சனை வரல"ன்னு எழுதியிருக்காரு பாருங்க, அத படிச்சிட்டு எனக்கு தூக்கமே போச்சு.

2024 தீபாவளிக்கு போனஸ் 60 ஆயிரம் வந்துச்சி. நவம்பர் முதல் வாரத்துலயே முழுசும் லோன்ல கட்டிட்டு வந்து ஸ்டேட்மென்ட்ட ஃப்ரிட்ஜ்ல காந்தம் வச்சி ஒட்டினாரு. மாசக் கடைசில ஃபெஞ்சல் வந்துச்சி. புயல் பாண்டி கிட்ட கரைய கடந்துடுச்சி, மழை விட்டுடுச்சின்னு நெனச்சோம். அப்பறம் சாத்தனூர்ல தண்ணி தொறந்து விட்டாங்க, ரெண்டாந்தேதி பெண்ணையாத்துத் தண்ணி எங்க தெருவுக்கு வந்துச்சி. இடுப்பளவு. பாப்பாவ தோள்ல தூக்கிட்டு வெளிய வந்தோம். திருப்பாப்புலியூர்ல எங்கம்மா வீட்ல ரெண்டு வாரம். திரும்பி வந்து பாத்தா ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார், இவரு பைக், எல்லாம் சேறு. ஸ்டேட்மென்ட்டும் சேறு.

அன்னிக்கு எங்க கிட்ட இருந்தது 9,000 ரூபா. அந்த 60 ஆயிரத்த திருப்பி குடுன்னு எவன் கிட்ட போய் கேக்கறது? என் மூணு பவுன் செயின அடகு வச்சி 80 ஆயிரம் வாங்குனோம். நாலு மாசம் அந்த 7,000 எக்ஸ்ட்ரா கட்டவே இல்ல, அதயும் இவரு இங்க எழுதல. செயின் போன ஆகஸ்ட்ல தான் வீட்டுக்கு வந்துச்சி.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 2024 ஜனவரில லோன அடைக்கற வேகத்துல என் பத்து பவுன வித்துடலாம்னு சொன்னாரு. அப்ப பவுன் 46 ஆயிரத்த ஒட்டி. நான் மாட்டேன்னுட்டேன். இப்ப லட்சத்த தாண்டிடுச்சி. எனக்கு தங்கம் ஏறும்னெல்லாம் தெரியாதுங்க, கழுத்துல இருக்கறத கழட்ட மனசு வரல, அவ்ளோ தான். ஆனா அத வித்திருந்தா டிசம்பர்ல அடகு வைக்க என்ன இருந்துருக்கும்?

லோன் சீக்கிரம் முடியணும்னு எனக்கும் ஆசை தான். 18 ஆயிரம் சம்பளத்துல மாசா மாசம் சீட்டு கட்டுனவ நான். அந்த 2050 இவருக்கு மட்டும் தூக்கத்த கெடுக்கல. ஆனா பேப்பர்ல எட்டு தவணை பறக்குதுன்னு காட்டறாரே, அந்த பேப்பர்ல தண்ணி வர்ற மாசத்துக்கு கோடு இல்ல.

சுகன்யா பாப்பா பொறந்த வருஷமே போஸ்டாபீஸ்ல ஆரம்பிச்சது, மாசம் ஆயிரம் போடறேன். வட்டி 8.2, வரி இல்ல. லோன் வட்டி 8.15. நீங்களே சொல்லுங்க எது கம்மி.

சரி பாப்பா எழுந்துட்டா.

நர்ஸக்கா
18 ஜனவரி, காலை 7:02

இந்த பொண்ணு பேசிடுச்சி. நான் இனிமே பேச ஒண்ணும் இல்ல.

முந்திரிக்காடு
18 ஜனவரி, காலை 7:40

நான் நேத்து ஓபி பக்கம்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். உறுதியா வர்றதுன்னு பேசிட்டு தானே புயல நானே உதாரணம் சொல்லிருக்கேன், எனக்கே சிரிப்பா வருது.

நைட்ஷிப்ட்_நாகு
18 ஜனவரி, காலை 8:15

அக்கா எங்க வீட்டுக்கும் அதே ரெண்டாந்தேதி தான் வந்துச்சி. கவர்மென்ட் 2,000 குடுத்தாங்க. பாண்டிக்காரங்களுக்கு 5,000. ஒரே புயல், ஒரே மழை, கன்னியக்கோயில் தாண்டினா ரேட்டு வேற 😤

வில்லியனூர்காரன்
18 ஜனவரி, காலை 8:31

அது நாங்க வாங்கி வந்த வரம் தம்பி. ஆனா எங்க சந்துல அஞ்சு நாள் கரண்ட் இல்ல, அத யாரு கேட்டா.

பழைய_கேஷியர்
18 ஜனவரி, காலை 11:20

அம்மா சொன்ன கணக்குல ஒரு சின்ன திருத்தம் மட்டும். சுகன்யா வட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவ கவர்மென்ட் அறிவிக்கறது, லோன் வட்டியும் ரெப்போவோட ஆடும், அதனால 8.2க்கும் 8.15க்கும் இடையில இருக்கற வித்தியாசத்த வச்சி சண்டை போட வேணாம், ரெண்டும் ஒண்ணு தான். வித்தியாசம் என்னன்னா சுகன்யாவுல போட்டா பொண்ணுக்கு 18 ஆவற வரைக்கும், இல்ல பத்தாவது பாஸ் பண்ற வரைக்கும் வெளிய வராது, லோன்ல போட்டா வெளியவே வராது. ரெண்டுமே அவசரத்துக்கு உதவாது. அதனால முதல்ல கைல வைக்கற பங்க எடுத்து வச்சிட்டு மீதிய பிரிங்க. அதயும் லோன் இருக்கற பேங்க்லயே வைக்காம வேற எடத்துல போடுங்க, கண்ணுல பட்டா உன் வீட்டுக்காரரு கட்டிட்டு வந்துடுவாரு.

சுகன்யாவுல போடறதா இருந்தா அஞ்சாந்தேதிக்குள்ள போட்டுடுங்க. அஞ்சாந்தேதிலருந்து மாசக் கடைசி வரைக்கும் இருக்கற கொறஞ்ச பாக்கிக்குத் தான் அந்த மாச வட்டி.

கெடிலக்கரையான்
18 ஜனவரி, இரவு 10:50

என்ன எழுதறதுன்னே தெரியல. டீ குடிக்கும்போது மொபைல நீட்டி "உன் இழைய படி"ன்னாங்க. படிச்சன்.

புயல் மேட்டர எழுதாததுக்கு காரணம் வேற ஒண்ணும் இல்ல, வெக்கம். அடகு கடைல நான் வெளிய பைக் பக்கத்துல நின்னன், அவங்க தான் உள்ள போனாங்க. அத மறக்கத்தான் அப்பறம் இன்னும் வேகமா கட்டுனன்னு நெனக்கறன். 2050ங்கற நம்பர பாத்ததுலருந்து எனக்கு லோன தவிர வேற எதுவும் கண்ணுக்கு தெரியல.

சாயந்திரம் உக்காந்து பேசினோம். 40 ஆயிரம் வேற பேங்க்ல எஃப்டி, அவங்க பேர்ல. இருக்கற 22ஐயும் தொடறதில்ல. 50 ஆயிரம் பிப்ரவரி அஞ்சுக்குள்ள சுகன்யா. 30 ஆயிரம் லோனுக்கு. மாசம் 7,000ல இனிமே 5,000 தான் லோனுக்கு, 2,000 எஃப்டி இருக்கற எடத்துக்கு, அது மூணு மாச செலவு அளவு ஆவற வரைக்கும். 2031 தள்ளிப் போவும். போவட்டும்.

நாளைக்கு ஆத்துத் திருவிழா, லீவு போட்டுருக்கன். காலைல பேங்க், சாயந்திரம் ஆத்துக்கு.

வில்லியனூர்காரன்
18 ஜனவரி, இரவு 11:05

அந்த 2,000ஐயாவது எஸ்ஐபில...

நர்ஸக்கா
18 ஜனவரி, இரவு 11:06

தம்பி போய் தூங்கு.

கெடிலக்கரையான்
19 ஜனவரி, இரவு 9:15

அப்டேட். ப்ராஞ்சுக்கு போனன். 30 ஆயிரத்துக்கு செக் குடுத்தன். கவுண்டர்ல இருந்த பையன் தட்டி முடிச்சிட்டு ஸ்கிரீன திருப்பி காட்டறான், இஎம்ஐ கொறஞ்சிருக்கு, கடைசி தேதி மாறவே இல்ல! கேஷியர் சார் சொன்னது ஞாபகம் வந்துச்சி, இல்ல தம்பி தவணைய கொறங்கன்னன். "எல்லாரும் இஎம்ஐ கொறைக்கத் தான் சார் கேப்பாங்க"ங்கறான். மேனேஜர பாத்து எழுதிக் குடுத்தன், மாத்திட்டாங்க. பழைய மாதிரி 27,920 கட்டுனா 2033 செப்டம்பர் இப்ப ஜூலை. ஆனா இனிமே 25,920 தானே, அதனால நெஜத்துல கொஞ்சம் தள்ளித் தான் போவும், அத நான் கணக்கு போடல, போட்டா திரும்ப ஆரம்பிச்சிடுவன்.

ஸ்ப்ரெட் பத்தி கேட்டன். "மாறப் போறேன்"னு சொன்னதும் சேர் எடுத்துப் போட்டாங்க. ஒரு ஃபாரம் குடுத்துருக்காங்க, ஃபீஸ் எவ்ளோ வட்டி எவ்ளோன்னு ரெண்டு நாள்ல சொல்றாங்களாம்.

ஆத்துல செம கூட்டம். பாப்பா மூணு மணி நேரம் மணல்லயே கெடந்துச்சி. போன தடவ இதே தண்ணிய பாத்து அழுத புள்ள. சுருளிக் கிழங்கு ரெண்டு கிலோ வாங்குனோம், வழியில பரோட்டாவும்.

பழைய_கேஷியர்
19 ஜனவரி, இரவு 9:40

நல்லது. எழுதிக் குடுத்தியே, நகல்ல சீல் வாங்குனியா?

கெடிலக்கரையான்
19 ஜனவரி, இரவு 9:52

இல்ல சார். மேனேஜர் நல்லா பேசனதுல மறந்துட்டன். நாளைக்கு நைட் ஷிப்ட், புதன்கெழம காலைல முடிச்சிட்டு நேரா போய் வாங்கிடறன்.